முட்டியில கட்டுற சென்சார்: வாடகைக்கு எடுத்ததே நல்லதாப் போச்சு

அம்மாவுக்கு வலது முட்டி மாற்று ஆபரேஷன் முடிஞ்சதும், கோயமுத்தூர்ல நாங்க பிசியோதெரபிக்குப் போற இடத்துலயே இந்தக் கருவியை மாச வாடகைக்குக் குடுத்தாங்க. தீப்பெட்டி அளவுல ரெண்டு சென்சார். ஒண்ணு தொடையில, இன்னொண்ணு முழங்காலுக்குக் கீழ, வெல்க்ரோ பட்டையில கட்டணும். உள்ள, அசைவையும் சாய்வையும் அளக்கற முடுக்கமானியும் கைரோஸ்கோப்பும் இருக்குங்க. ரெண்டோட சாய்வுக்கும் இருக்கற வித்தியாசம்தான், முட்டி எத்தனை டிகிரி மடங்குதுன்னு போன்ல வருது.

"ஏஞ்சாமி, இதைக் கட்டுனா காலு தானா மடங்கீருமா?"ன்னு அம்மா கேட்டுச்சு. மடங்காது. ஆனா குதிகாலை இழுத்து மடக்கறப்ப நம்பர் கண்ணு முன்னாடி ஏறுனா, வலிச்சாலும் இன்னும் ரெண்டு தடவை இழுத்துப் பாக்குது. வர்ற சொந்தக்காரங்க கேக்கறதும் "தொண்ணூறு வந்துருச்சா?"ன்னுதான். நாற்காலியில இருந்து எந்திரிக்க, படி ஏற கிட்டத்தட்ட அவ்வளவு வேணும்ங்க. சமதளத்துல நடக்க 60, 65 போதும்.

எனக்கு அதைவிடப் பிரயோசனப்பட்டது நாள் முழுக்க வர்ற கிராஃப். "பொழுதன்னைக்கும் நடந்துட்டுத்தான் இருக்கறேன்"னு அம்மா சொல்லும். மத்தியானம் சீரியல் நேரம் பூராக் கோடு படுத்துக் கெடக்கும். மச்சான் திருப்பூர்ல இருந்து வாங்கிட்டு வந்த ஸ்மார்ட் வாட்ச் இதுக்கு ஒத்துவரலை. வாக்கரைப் பிடிச்சு நடக்கறப்ப கை வீசாதுங்களே, மணிக்கட்டுல இருக்கறது பல அடிகளை எண்ணறதே இல்லை.

பெரிய குறை ஒண்ணு. நேரா நில்லுங்க, அதை ஜீரோவா வெச்சுக்கறேன்னு ஆப் சொல்லுது. ஆபரேஷன் ஆன புதுசுல கால் முழுசா நீளாது. அந்த வளைவையே ஜீரோன்னு எடுத்துக்குது! அப்புறம் கால் நேராத்தான் இருக்குன்னு காட்டிட்டே இருக்கும். பிசியோதெரபிஸ்ட் கோனியோமீட்டரை, அதான் மூட்டோட கோணத்தை அளக்கற அளவுகோலை வெச்சு அளந்தப்பத்தான், கால் நேராக இன்னும் 8 டிகிரி பாக்கின்னு தெரிஞ்சுது. முட்டிக்கு அடியில தலகாணி வெக்கறதை நிறுத்தி, குதிகாலுக்கு அடியில துண்டைச் சுருட்டி வெக்கச் சொன்னாங்க.

வேர்வையில பட்டை நழுவுனா கணக்கும் நழுவும். போன் பக்கத்துல இல்லைன்னா பதிவாகறதில்லை. நூல் வந்துருச்சான்னு பாக்கத் தறிக்குடோன் வரைக்கும் அம்மா போயிட்டு வந்த நடை எதுவும் ஏறலை. அதுக்கு ஒரே கோவம்.

சொந்தமா வாங்க வேண்டாம்ங்க, சில மாசத்துல அலமாரிக்குப் போற பொருள். வாடகைக்கு எடுக்கறப்ப, போன் இல்லாமயே பதிவு பண்ணி வெக்கற மாடலாக் கேளுங்க. கிராஃபை வாராவாரம் யார் பாப்பாங்கன்னும் கேளுங்க. "ஆப்பே பாத்துக்கும்"னு சொன்னா வேற இடம் பாருங்க.