கண்ணாடிப் பெட்டியில் முடங்கும் முதல்: அமெரிக்கச் சிறு துப்பாக்கிக் கடை, ஒரு மதிப்பீடு

மதிப்பிட எடுத்துக்கொண்டது சலூனுக்கும் பீட்சா கடைக்கும் நடுவே, இரண்டு மூன்று பேர் மட்டும் வேலை பார்க்கும் அமெரிக்கத் துப்பாக்கிக் கடை. ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய கடைகள் இதில் சேராது. வாங்கப் போகிறவருக்கும் சரி, இப்படி ஒன்றைத் தொடங்கலாமா என்று யோசிப்பவருக்கும் சரி, முதல் கேள்வி ஒன்றுதான்: கல்லா எதனால் நிரம்புகிறது?

புதுத் துப்பாக்கியால் நிரம்பாது. ஒரு மாதிரிக் கணக்கு. மொத்த வியாபாரியிடம் 500 டாலருக்கு எடுத்த 9 மிமீ பிஸ்டல். இணையத்தில் 570 போட்டிருக்கிறது. வாடிக்கையாளர் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் விலை கேட்கிறார். ஆக 570-க்கு மேல் போகாது. அந்த 70-இல் கார்டு கமிஷன் 3 சதவீதம் என்றால் 17 கழியும். (பேபால், ஸ்கொயர் இரண்டின் விதிகளும் துப்பாக்கி விற்பனையை அனுமதிப்பதில்லை. ஏற்றுக்கொள்ளும் நிறுவனம் சொன்னதுதான் கட்டணம்.) சரக்கு வந்திறங்கிய செலவு 12. படிவம், சரிபார்ப்பு, எஃப்பிஐயின் பின்னணிச் சோதனைப் பதிலுக்குக் காத்திருப்பு எல்லாம் முக்கால் மணி நேரம். மணிக்கு 20 டாலர் சம்பளத்தில் அது 15. மிச்சம் 26. பிஸ்டல் 90 நாள் பெட்டியில் கிடந்திருந்தால் 10 சதவீத வட்டியில் இன்னும் 12 போய்விடும். கையில் நிற்பது 14 டாலர். வாடகை, காப்பீடு, அலாரம் எல்லாவற்றையும் இதிலிருந்துதான் கட்ட வேண்டும்.

பக்கத்திலேயே டிரான்ஸ்ஃபரை வைத்துப் பாருங்கள். இணையத்தில் வாங்கிய துப்பாக்கி நேரே வீட்டுக்கு வராது. லைசென்ஸ் உள்ள உள்ளூர்க் கடைக்கு வரும், அங்கே படிவம் நிரப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டணம் 30 டாலர் என்று வையுங்கள். பார்சலை வரவு வைப்பதிலிருந்து ஒப்படைப்பது வரை 55 நிமிடம், அதாவது 18 டாலர் கூலி. மிச்சம் 12. புது பிஸ்டலுக்கும் இதற்கும் இரண்டே டாலர் வித்தியாசம். அதற்காக 500 டாலரை மூன்று மாதம் முடக்க வேண்டியதில்லை. இது தெரியாமல், "இணையத்தில் வாங்கிட்டு இங்க எதுக்கு வர்றீங்க" என்று முகத்தைச் சுளிக்கும் கடைகள் ஏராளம். பார்சல் வாங்க வந்தவர் எண்ணெயோ துப்பாக்கி உறையோ வாங்கிப் போகவும் வாய்ப்பு உண்டு. அவரை விரட்டும் கடைக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம்.

உண்மையான லாபம் பழைய துப்பாக்கியில். 280-க்கு எடுத்து 400-க்குத் தரலாம். தேய்மானமும் கீறலும் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் போனில் விலை ஒப்பிட முடியாது. ஆனால் எடுப்பவருக்குக் கண் வேண்டும். குழாயின் உள்ளே விளக்கடித்துப் பார்க்காமல், ரிவால்வரின் உருளை ஒவ்வோர் அறைக்கும் சரியாக நின்று பூட்டுகிறதா என்று சுழற்றிப் பார்க்காமல் எடுத்தால் லாபம் முழுவதும் பழுது பார்ப்பவர் கைக்குப் போகும். திருட்டுப் பொருளாக இருந்துவிட்டால் துப்பாக்கியும் போச்சு, கொடுத்த பணமும் போச்சு.

உறை என்கிற ஹோல்ஸ்டர் வேறு வகைக் கண்ணி. விற்றால் நல்ல லாபம்தான். ஆனால் கிளாக் 19-க்கு அளவெடுத்து வார்த்தது கிளாக் 43எக்ஸ்-க்குச் சேராது. அதிலும் வலக்கை, இடக்கை, விளக்கு மாட்டியது, மாட்டாதது என்று பிரியும். ஒரே பிஸ்டலுக்கு நாலு உறை வாங்கி வைத்தால் மூன்று தூசி பிடிக்கும். ஓடுகிற நான்கைந்து மாடலுக்கு வலக்கை உறை மட்டும் வைத்து மற்றதை ஆர்டரில் தருவிக்கும் கடை கணக்குத் தெரிந்த கடை. தோட்டா கனம், 9 மிமீ ஆயிரம் எடுத்தால் சுமார் 12 கிலோ இருக்கும், தருவிக்கும் செலவும் ஏறும். பெரிய கடையோடு விலையில் போட்டி போட முடியாது. ஆள் வரவழைக்க வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

கடைக்கான கூட்டரசு லைசென்ஸ் கட்டணம் கேட்டால் சிரிப்பு வரும்: முதல் மூன்று ஆண்டுக்கு 200 டாலர், பிறகு மூன்றாண்டுக்கு 90. வலிப்பது காகிதம். வந்த துப்பாக்கியை மறு வேலைநாள் முடிவதற்குள் பேரேட்டில் ஏற்ற வேண்டும். விற்றதை ஏழு நாளுக்குள். ஒரே ஆள் ஐந்து வேலைநாளுக்குள் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினால் அன்றே தனி அறிக்கை. காணாமல் போனது தெரிந்த 48 மணி நேரத்துக்குள், துப்பாக்கிக் கடைகளைக் கண்காணிக்கும் கூட்டரசு அமைப்பான ஏடிஎஃப்புக்கும் உள்ளூர்ப் போலீசுக்கும் சொல்ல வேண்டும்.

வாங்குபவர் நிரப்பும் 4473 படிவத்தில் பிசகுவது பெரிய விஷயங்களில் அல்ல. மாவட்டத்தைக் கேட்கும் 'கவுன்டி' என்ற கட்டத்தில் நாட்டின் பெயரை எழுதிவிடுவார்கள். இதில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: அப்பா பெயரின் முதல் எழுத்தை மட்டும் இனிஷியலாக வைத்திருப்பவர், அது வெறும் எழுத்துதான் என்று பக்கத்தில் 'ஐஓ' என்று குறிக்க வேண்டும், நடுப்பெயரே இல்லாதவர் 'என்எம்என்' எழுத வேண்டும். இதைத் தானாகவே கேட்டு எழுத வைப்பவர் விவரமான ஊழியர். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவருக்கு, செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு இருந்தாலொழிய விற்கவே கூடாது. கிரீன் கார்டுக்காரருக்கு அந்தத் தடை இல்லை.

நிக்ஸ் என்கிற எஃப்பிஐ பின்னணிச் சோதனையின் பதில் மூன்று வகை: விடு, பொறு, கொடுக்காதே. 'பொறு' வந்து மூன்று வேலைநாளில் முடிவு வராவிட்டால் ஒப்படைக்கச் சட்டம் இடம் தருகிறது, கட்டாயப்படுத்துவதில்லை. 21 வயது நிரம்பாதவருக்கு 2022-க்குப் பிறகு இது பத்து வேலைநாள் வரை நீளலாம். முடிவு வரும் வரை காத்திருக்கும் கடை கொஞ்சம் வியாபாரத்தை இழக்கும், நிம்மதியாகத் தூங்கும்.

பருவம் மாறினால் இந்தத் தொழில் தலைகீழாகும். 2019-இல் 2.84 கோடியாக இருந்த நிக்ஸ் சோதனைகள் 2020-இல் 3.97 கோடியாயின. சோதனை எல்லாம் விற்பனை ஆகாது, ஆனாலும் அலை எவ்வளவு பெரியது என்று தெரியும். கடைகள் வீழ்வது அலை அடங்கும்போது. 2016 அதிபர் தேர்தல் முடிந்ததும், புதுக் கட்டுப்பாடு வருமோ என்ற பயம் தணிந்து விற்பனை சரிந்தது. 2017 மார்ச்சில் கேண்டர் மவுண்டன் என்ற பெரிய கடைச் சங்கிலி திவால் மனு போட்டது. பரபரப்பில் விலை ஏறியிருக்கும்போது கடன் வாங்கிச் சரக்கு அடுக்குபவருக்கு அடுத்த ஆண்டு வட்டி மட்டும்தான் மிஞ்சும். துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் இப்போது கொஞ்சம் தெம்பு தருகிறது. அதன் மீதிருந்த 200 டாலர் கூட்டரசு வரி 2026 ஜனவரி 1 முதல் இல்லை. ஆனால் அதை விற்க லைசென்ஸுக்கு மேல் ஆண்டுக்கு 500 டாலர் தனி வரி கட்ட வேண்டும், ஏடிஎஃப் ஒப்புதல் வரும் வரை பொருள் கடையில்தான் இருக்கும்.

ஒரு கடையை எடைபோட எளிய வழி, பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிய பிஸ்டல் திரும்பப் போகும்போது கவனிப்பது. ஒரே மாடலில் இரண்டை எடுத்துக் காட்டிவிட்டு அட்டைப்பெட்டி மாற்றி வைத்தால், இரண்டு பேரின் படிவமும் பேரேடும் ஒரே நாளில் பொய்யாகிவிடும். ஆய்வாளர் வரிசை எண்ணைப் பேரேட்டோடு ஒத்துப் பார்க்கும் அன்றைக்குத்தான் அது தெரியும். 0-வும் ஓ-வும், 8-உம் பி-யும் இடம் மாறுவது இன்னொரு வகைப் பிழை. எழுதும்போது ஊழியர் எண்ணை எங்கிருந்து படிக்கிறார் என்று பாருங்கள். உலோகத்தில் பொறித்ததைப் படித்தால் காசைக் கொடுங்கள். அட்டைப்பெட்டியில் ஒட்டிய சீட்டைப் படித்தால் வேறு கடைக்கு நடையைக் கட்டுங்கள்.