எதிரெதிர்க் குழியாடிக் கிண்ணம்: மூன்று கோடை புழங்கிய பிறகு

உட்புறம் குழிந்த கண்ணாடியாகப் பளபளக்கும் ஒன்பது அங்குலப் பிளாஸ்டிக் கிண்ணம் இரண்டு, வாயோடு வாய் வைத்து மூடியது. மேல் கிண்ணத்தின் நடுவில் ஓட்டை. அடியில் ஒரு குன்றிமணியைப் போட்டால் ஓட்டை வாயில் இன்னொரு குன்றிமணி, அதன் பிம்பம், மிதக்கும். தொடப்போன விரலுக்கு வெறுங்காற்றுதான். 1972-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அமைப்பு. பாளையங்கோட்டை வெயில், தென்காசிச் சாரல் இரண்டையும் பார்த்த கிண்ணத்தைப் பற்றியது இந்தக் குறிப்பு.

வாங்கும்போதே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஆடியின் குவியமும் (நேராக வரும் ஒளி ஒன்றுகூடும் புள்ளி) எதிர் ஆடியின் நடுப்புள்ளியில் விழ வேண்டும். பரவளைய (டிஷ் ஆன்டெனா போன்ற வளைவுள்ள) ஆடிகள் விளிம்போடு விளிம்பு பொருந்தும்போது, உள்விட்டம் இரண்டும் சேர்ந்த உள்ளுயரத்தைப்போல் 2.83 மடங்கு இருந்தால்தான் அது நடக்கும். 23 செ.மீ. விட்டத்துக்கு 8.1 செ.மீ. உயரம்.

"பிம்பம் உள்ளே இறங்கிக் கிடக்கிறது" என்றால் முதலில் விளிம்பைத் தடவிப் பாருங்கள். தேரி மணல் நாலு பருக்கை, பிளாஸ்டிக் பிசிர், ஏதோ ஒன்று இருக்கும். விளிம்பு 2 மி.மீ. விலகினால் பிம்பம் ஓட்டைக்குக் கீழே சுமார் 4 மி.மீ. போய்விடும், இடைவெளியைப்போல் இரு மடங்கு.

உயரமான பொருள் வேண்டாம். 2 செ.மீ. பிள்ளையாரை வைத்தால் தலை மட்டும் மூன்றில் ஒரு பங்கு பெருத்து நிற்கும். கிழக்கே பார்க்க வைத்தவர் மேற்கே பார்ப்பார். ஆனால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் மறியாது, அரைவட்டம் சுழல்கிறது, அவ்வளவுதான். நேர்மேலிருந்து எட்டிப் பார்த்தால் அசல் பொருளே கண்ணில் பட்டு வேடிக்கை கெடும், சாய்வாகப் பாருங்கள்.

பாழாக்குவது பெரும்பாலும் துடைக்கும் கைதான். அலுமினியப் பூச்சு உட்புறத்தில், மேலாகவே இருக்கிறது. வேட்டித்துணி, செய்தித்தாள் எது பட்டாலும் கீறல். தூசியை ஊதுபந்தால் ஊதினால் போதும். கைரேகை பட்டிருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு ஷாம்பு கலந்து, தேய்க்காமல் அலசி, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை அலசுங்கள். போர் தண்ணீர் காய்ந்தால் உப்புத் திட்டு நிற்கும். தின்னர் பட்டால் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் விரிசல் விழும்.

அலசியதை வெயிலில் மல்லாத்திக் காயவைக்கவே கூடாது. கிண்ணத்தின் அடியிலிருந்து 8 செ.மீ. மேலே சூரியன் குவியும். எடுக்கப்போகும் கை பொசுங்கும். நிழலில், கவிழ்த்து.