ஸ்கேனரா, மல்டிமீட்டரா? செக் எஞ்சின் விளக்கு எரிந்தால்

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் ஓபிடி ஸ்கேனரை (காரின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) செருகினால் ஒரு நிமிடத்தில் எரர் கோடு, அதாவது கோளாறைக் குறிக்கும் எண், வந்துவிடும். ஆனால் பி0171 என்று வந்தால், கலவையில் பெட்ரோல் குறைவு என்பது மட்டும்தான் தெரியும். காற்றுக் கசிவா, உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கா, சோர்ந்துபோன எரிபொருள் பம்பா என்று அது சொல்லாது.

வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் மெதுவான ஆள். இருந்தாலும் பேட்டரியைப் பார்க்க அதுதான் வேண்டும்: எஞ்சின் அணைந்திருக்கையில் 12.6 வோல்ட், ஓடும்போது 14 பக்கம். குறைந்தால் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சம்பந்தமில்லாத கோடுகளையெல்லாம் கொட்டும். அப்புறம், பல சென்சார்களுக்கு 5 வோல்ட் சப்ளை உண்டு. பிளக்கைக் கழற்றி, சாவியை ஆன் செய்து அளந்து பாருங்கள். வரவில்லையென்றால் சென்சார் மீது பழி போடாதீர்கள், ஒயரைத் தேடுங்கள். (சாதா டெஸ்ட் பல்பை இங்கே வைக்கவே கூடாது, இசியு கருகலாம்.)

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மல்டிமீட்டரைத்தான் சொல்வேன். கோடு படிக்கப் பக்கத்து மெக்கானிக்கிடம் போய்க்கொள்ளலாம்.