கறுப்புக் காருக்கு மெழுகா, சீலண்டா, செராமிக்கா?

என் கார் கறுப்பு. வீடு திருவான்மியூரில், கடலிலிருந்து பொடிநடையாகப் பத்து நிமிடம். நிறுத்துமிடம் புங்க மரத்தடி. இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால் பெயின்ட் என்ன பாடுபடும் என்பதை வாங்கிய முதல் கோடையிலேயே கண்டுகொண்டேன். பெயின்ட்டைக் காக்க நான்கு ஆண்டுகளாக மெழுகையும், சீலண்ட் என்கிற செயற்கைப் பூச்சையும் மாறி மாறிப் பூசிப் பார்த்துவிட்டு, இப்போது சீலண்ட் பக்கம் சாய்ந்திருக்கிறேன்.

பாலிஷை இந்தப் போட்டியில் சேர்க்கவே கூடாது. அது நுண்துகள்களால் மேல்பூச்சைச் சற்றே தேய்த்துக் கீறலைச் சமன் செய்யும் வேலை; அதற்குமேல் எந்தக் காவலும் தராது. கிளியர்கோட் என்கிற அந்த மேல்பூச்சு பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் கனம்கூட வராது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பாலிஷ் போட்டால் அதுவும் கரைந்துகொண்டே போகும்.

கார்னுபா மெழுகு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் பளபளப்புக் கொடுப்பதும் இதே மெழுகுதான். அழகில் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பூசிய அன்று என் கார் எண்ணெய்க் காப்பு முடிந்த கருங்கல் சிலைபோல நின்றது. ஆனால் ஆறாவது வாரம் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருளாமல் தட்டையாகப் படர்ந்தது. போதாக்குறைக்கு, பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்ட மெழுகு வெள்ளையாக உறைந்துவிட, பழைய பல்துலக்கியை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

சீலண்ட் என்பது செயற்கை பாலிமர். கடையில் இதுவும் ‘வாக்ஸ்’ என்ற பெயரிலேயே விற்கிறது. மெகுயர்ஸின் அல்டிமேட் லிக்விட் வாக்ஸ் ஓர் உதாரணம். விடியற்காலையில் மெல்லிசாகப் பூசி, சற்று உலரவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். எனக்கு ஒரு முறை பூசினால் நான்கு மாதம் தாங்குகிறது. மினுமினுப்பில் கார்னுபாவுக்கு ஒரு மாற்றுக் குறைவுதான்.

செராமிக் கோட்டிங்கை, அதாவது பெயின்ட்டின் மேல் கண்ணாடிபோல இறுகிவிடும் திரவப் பூச்சை, நான் போட்டுக்கொண்டதில்லை. மைத்துனர் 25,000 ரூபாய் கொடுத்துப் போட்டுக்கொண்டார். அவர் காரை அருகிலிருந்து பார்த்த அனுபவம் மட்டுமே எனக்கு. கடினத்திலும் ஆயுளிலும் அது மற்ற இரண்டையும் மிஞ்சும் என்பதில் சந்தேகமில்லை. பிறகு ஏன் தயங்கினேன் என்றால், தண்ணீர்தான் காரணம்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். குழாயின் வாயில் வெள்ளை உப்பு பூத்து நிற்கும். தினமும் காலையில் கார் துடைக்க வரும் அண்ணன் ஒரு வாளி, ஒரு துணியோடு ஏழெட்டுக் கார்களை முடிப்பார். “என்ன சார் தடவினீர்கள், துணி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது?” என்று கேட்டவர் அவர்தான். ஆனால் ஈரத்தை ஒற்றி எடுக்க அவருக்கு ஏது நேரம்? பூச்சு எதுவானாலும் தண்ணீர் துளித்துளியாக நிற்கும், வெயில் அதைக் குடிக்கும், ஒவ்வொரு துளியின் இடத்திலும் ஒரு சுண்ணாம்பு வளையம் மிஞ்சும். செராமிக்கும் இதற்கு விலக்கில்லை. மைத்துனர் காரின் பானெட்டில் சாய்வாகப் பார்த்தால் அம்மைத் தழும்புபோலத் தெரிகிறது. வினிகரில் போகாத கறையைப் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். பாலிஷ் போட்டால் அந்த இடத்தில் கோட்டிங்கும் சேர்ந்து போய்விடும். மறுபடி கடைக்குப் போய்ப் பணம் கட்ட வேண்டும். என் காரிலும் இதே வளையங்கள் விழுகின்றன. தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து, நன்றாகக் கழுவி, மறுபடி ஒரு கை சீலண்ட் பூசுகிறேன். நஷ்டம் ஒரு காலைப்பொழுது மட்டுமே.

கூரைக்கடியில் நிறுத்தி, நல்ல தண்ணீரில் தாமே கழுவித் துடைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம்.

காக்கை எச்சத்துக்கு மட்டும் மூன்றுமே முழுக் காவல் இல்லை. வெயிலில் கொதிக்கும் பெயின்ட்டில் அது சில மணி நேரத்திலேயே தடம் பதித்துவிடும். அதனால் ஓட்டுநர் பக்கக் கதவில் ஒரு தண்ணீர் பாட்டிலும் பழைய பனியன் துணியும் எப்போதும் கிடக்கின்றன.