பேறுகாலப் பெட்டியா, பாசித் தொட்டியா? குட்டி போடும் மீன்களுடன் நீண்டகால அனுபவம்

கப்பி, மொலி, பிளட்டி, வாள்வால் போன்ற குட்டி போடும் மீன்களை வளர்ப்பவர்கள் எப்படியும் ஒருநாள் கடைக்குப் போய் வாங்கி வரும் பொருள், தாய் மீனைத் தனியே அடைத்து வைக்கும் சிறிய பிளாஸ்ரிக் பெட்டியாகும். அந்தப் பெட்டி, சட்டத்தில் மெல்லிய துணிவலை கட்டிய வலைப்பெட்டி, பாசி நிறைந்த தனித் தொட்டி ஆகிய மூன்றையும் திருகோணமலை உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிளாஸ்ரிக் பெட்டி சில மணி நேரத் தேவைக்கு மட்டுமே உகந்தது. வலைப்பெட்டி தாய்க்கு உரியதன்று, குஞ்சுகளுக்கு உரியது. பேறுகாலத்தைப் பாசித் தொட்டியிடம் ஒப்படைத்துவிடுவதே திருகோணமலையின் வெப்பத்துக்கும் தண்ணீருக்கும் பொருந்தி வருகிறது.

பிளாஸ்ரிக் பெட்டியின் அமைப்பு எளிமையானது. மேலறையில் தாய் இருக்கும். அதன் அடித்தளமாகச் சரித்து வைத்த இரு தகடுகளுக்கு நடுவே நெடுகப் பிளவு விடப்பட்டிருக்கும். பிறக்கும் குஞ்சு அந்தப் பிளவினூடாகக் கீழறைக்கு நழுவித் தாயின் வாய்க்குத் தப்பிவிடும். கருத்தளவில் இதில் குறை காண முடியாது. நடைமுறையில் உள்ள முதற்குறை, பக்கத் துளைகள் மிகச் சிறியனவாக இருப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் போதியளவு மாறாமல் தேங்குவதாகும். வெயில் மாதங்களில் வீட்டுக்குள் இருக்கும் தொட்டியின் தண்ணீரே 30 பாகை செல்சியசைத் தொட்டு நிற்கும் ஊர் இது. சூடேறிய தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் இயல்பாகவே குறைவு. வயிறு நிறையக் குஞ்சுகளைச் சுமக்கும் மீனுக்கோ ஒட்சிசன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. திறந்த தொட்டியில் திரிந்து பழகிய மீன் நான்கு விரல் அகலச் சுவர்களுக்கிடையே அகப்பட்டதும் மிரண்டு, மூக்கு நோக முட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த மிரட்சி நீடித்தால் பேறு தள்ளிப்போகும். அல்லது மஞ்சட்கருப் பை வயிற்றில் ஒட்டியபடியே குறைமாதக் குஞ்சுகள் வெளிவரும், அவற்றுள் பிழைப்பவை அரிது. வாள்வால் மீனாயின் மூடியில்லாத பெட்டியிலிருந்து துள்ளி வெளியே விழவும் கூடும். நன்கு வளர்ந்த பாய்த்துடுப்பு மொலிக்கு இப்பெட்டிகளில் திரும்பவே இடம் போதாது என்பதால், அதனை இதில் விடும் எண்ணத்தையே கைவிட வேண்டும்.

இருப்பினும் பெட்டியின் மேல் முழுப் பழியையும் சுமத்துவது நியாயமன்று. பேறு தொடங்கிவிட்ட மீனை அதில் விட்டால், அது தன் வேலையைச் செம்மையாகவே செய்கிறது. சிக்கல், பேறு எப்போது தொடங்கும் என்று நமக்குத் தெரியாதிருப்பதில்தான் உள்ளது. கப்பியின் கருக்காலம் ஏறத்தாழ நான்கு வாரங்கள். பிளட்டிக்கும் வாள்வாலுக்கும் அதையொட்டியே அமையும். மொலிக்கு இன்னும் நீளும். தண்ணீர் சூடாக இருந்தால் இக்காலம் சுருங்கும், குளிர்ந்தால் நீளும். ஆணுடன் சேர்த்த நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பதும் அவ்வளவாக உதவுவதில்லை. ஏனெனில் ஒருமுறை சேர்ந்த பெண் மீன் ஆணின் விந்தணுக்களை உடலுக்குள் சேமித்து வைத்து, பின்னர் ஆணே இல்லாத தொட்டியிலும் பல மாதங்கள் தொடர்ந்து குட்டி போடும். கடையில் தனியே வாங்கி வந்த பெண் மீன் மூன்றாம் வாரத்தில் குட்டி போட்டதைக் கண்டு வியப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

ஆகவே நாளைவிட உடலையே பார்க்க வேண்டியிருக்கிறது. வயிற்றின் பின்கீழுள்ள அடித்துடுப்பை ஒட்டித் தெரியும் கரும்பகுதியான கருப்பட்டை கருமையாகிப் பெருப்பது பலரும் அறிந்த அறிகுறி. வெளிர்நிறக் கப்பிகளில் கடைசி நாட்களில் குஞ்சுகளின் கண்கள் அதற்குள் சிறு புள்ளிகளாகத் தெரிவதும் உண்டு. கருமொலியில் இந்த அடையாளம் எதுவும் புலப்படாது. எல்லா இனத்துக்கும் பொருந்துவது வேறொன்று: மீனை முன்புறமிருந்து பார்க்கும்போது வயிறு உருண்டையாகத் தெரிந்த நிலை மாறிச் சதுரமாக, பக்கங்கள் செங்குத்தாக இறங்கியது போலத் தெரியத் தொடங்கினால் பேறு அண்மித்துவிட்டது. அதன்பின் மீன் கூட்டத்தை விட்டு விலகி மூலையில் நிற்கும், இரையைத் தேடி வராது, மூச்சு விரைவாகும். பெட்டியை நம்புபவருக்குப் பேறுக்கான மணி தெரிந்தாக வேண்டும். பாசித் தொட்டியை நம்புபவருக்கு வாரம் தெரிந்தால் போதும். நான் பெட்டியிலிருந்து விலகியதற்கு இந்த ஒரு வேறுபாடே போதிய காரணம்.

பாசித் தொட்டி என்று நான் சொல்வது ஆடம்பரமான ஒன்றையன்று. ஏறத்தாழ 40 லீற்றர் கொள்ளும் பழைய கண்ணாடித் தொட்டி, அடியில் மணலோ கல்லோ எதுவும் இல்லை, மூலையில் மெதுவாகக் குமிழி விடும் ஒரு ஸ்பொஞ்ச் வடிகட்டி, நீர்ப்பரப்பின் பாதிக்கு மேல் மிதக்கும், ஊசியிலைகளுள்ள நீர்த்தாவரமான ஹோர்ன்வோர்ட் பாசி, அவ்வளவுதான். மோட்டாரால் உறிஞ்சும் வடிகட்டியை இதில் வைக்கலாகாது; ஒரு சென்ரிமீற்றர் நீளமும் இல்லாத குஞ்சுகளை அது உள்ளே இழுத்துவிடும். பாசி குறைவாக உள்ள காலத்தில், வலைச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் புதிய பச்சை நைலோன் கயிற்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, இழை இழையாகப் பிரித்து, ஒரு தக்கையில் கட்டி மிதக்கவிடுகிறேன். கடலில் கிடந்த பழைய கயிறு ஆகாது. வேறு சிலர் மீன்பிடி வலைத் துண்டையே தொட்டிக்குக் குறுக்கே கட்டி, குஞ்சுகள் வலைக்கண் வழியே மறுபுறம் போகட்டும் என்று விடுகிறார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் தாய் மீன் தலையை நுழைத்தால் தங்கூசி வலை செவுளில் மாட்டிக்கொள்ளும். அந்த வலை செய்யப்பட்டதே அதற்காகத்தான். குறுக்குத் தடுப்பு வேண்டுமாயின் தோட்டவேலைக்கு விற்கும் விறைப்பான பிளாஸ்ரிக் வலையைப் பயன்படுத்தலாம்.

வயிறு சதுரமாகத் தெரியத் தொடங்கியதும் தாயை வலையால் அள்ளாமல், ஒரு பெரிய குவளையைத் தண்ணீருக்குள் சாய்த்து, தண்ணீரோடு சேர்த்தே எடுத்துப் பாசித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். இரண்டு தொட்டிகளிலும் ஒரே தண்ணீர் இருப்பது முக்கியம். பின்பு காலையும் மாலையும் வயிறாரத் தீனி போட்டுவிட்டு, எட்டி எட்டிப் பார்க்காமல் விட்டுவிட வேண்டும். வயிறு நிறைந்த தாய் தன் குஞ்சுகளைத் துரத்துவது குறைவு. கொசுறாக ஒரு வசதியும் உண்டு: வாளியில் சேரும் நுளம்புக் குடம்பிகள் இந்த நாட்களில் தாய்க்கு மிகச் சிறந்த உணவாகின்றன, வீட்டைச் சுற்றி டெங்கு நுளம்பு பெருகாமல் பார்த்துக்கொள்ளும் கடமையும் அதோடு நிறைவேறுகிறது. பேறு முடிந்த மறுகணமே தாயைப் பழைய தொட்டிக்கு அனுப்புவது நல்லதன்று. குட்டி போட்ட பெண்ணை ஆண்கள் ஓயாமல் துரத்தும் என்பதால், ஓரிரு நாள் ஆறவிட்டு அனுப்புவதே முறை. ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண்கள் என்ற கணக்கில் வளர்த்தால் இந்தத் துரத்தல் எப்போதும் ஓரளவு தணிந்திருக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பாசித் தொட்டியில் சில குஞ்சுகளைத் தாய் உண்ணவே செய்யும். பிறந்த அனைத்தும் கையில் வந்து சேர வேண்டும் என்பவர்களுக்கு இம்முறை ஒத்துவராது. கப்பி ஒரு பேற்றில் இருபது முதல் ஐம்பது வரை, வளர்ந்த மொலியும் வாள்வாலும் அதைவிடக் கூடுதலாகவும் குஞ்சுகளை ஈனுவதால், இந்த இழப்பு என்னைப் பெரிதாக உறுத்தவில்லை. ஹோர்ன்வோர்ட் அடிக்கடி ஊசியிலைகளை உதிர்த்துத் தொட்டியை அழுக்காக்குகிறது. முற்றத்தில் சீமெந்துத் தொட்டியில் இதே முறையைக் கையாள்பவர்களுக்குத் தும்பியின் குடம்பி பெரும் பகை. பாசிக்குள் ஒளிந்திருந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றுவிடும். வெளித் தொட்டிக்கு நுளம்பு வலை மூடாமல் குஞ்சு வளர்ப்பதில் பயனில்லை. மீன்கொத்திக்கும் அதே வலை தடையாகும்.

எனினும் இம்முறையின் வலிமை 2022 ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்த அந்த நாட்களில், பாசி அடர்ந்து மீன் குறைவாக இருந்த தொட்டிகள் குமிழி இல்லாமலே பகற்பொழுதைத் தாக்குப்பிடித்தன. வெளிச்சம் இருக்கும்வரை பாசி ஒட்சிசன் தரும், இரவில் அதுவும் ஒட்சிசனை உட்கொள்ளும் என்பதால், இரவு மின்வெட்டுக்கு மட்டும் பற்றரியில் இயங்கும் எயார் பம்ப் தேவைப்பட்டது. வலைப்பெட்டியும் பிளாஸ்ரிக் பெட்டியும் பெரிய தொட்டியின் நீரோட்டத்தையே நம்பியிருப்பவை. ஓட்டம் நின்றதும் முதலில் மூச்சுத் திணறுவது அவற்றுக்குள் இருக்கும் மீன்கள்தான்.

தண்ணீரைப் பொறுத்தவரை இந்த மீன்களுக்கு இவ்வூர் ஏற்ற இடம். எங்கள் கிணற்று நீர் கேத்தலின் உட்புறத்தில் வெண்படலம் படியவைக்கும் வன்னீர். குட்டி போடும் மீன்கள் விரும்புவதும் அத்தகைய, சற்றே காரத்தன்மையுள்ள தண்ணீரைத்தான். ஓகஸ்ட், செப்ரெம்பர் அளவில் கடலோரக் கிணறுகள் சிலவற்றில் உவர் ஏறும்போது மொலி கவலைப்படுவதில்லை. மெக்சிகோக் கரையோரத்தின் உவர்நீரிலும் வாழும் இனம் அது. கப்பியும் தாங்கிக்கொள்ளும். பிளட்டிக்கும் வாள்வாலுக்கும் அந்த மாதங்களில் குழாய் நீரைக் கலந்து கொடுப்பது நல்லது. குழாய் நீரில் குளோரின் சேர்ந்திருப்பதால் ஒருநாள் வாளியில் திறந்து வைத்த பின்னரே அதனைப் பயன்படுத்த வேண்டும். காரத்தன்மையும் சூடும் கூடிய தண்ணீரில், மிஞ்சிய தீனியிலிருந்து எழும் அமோனியா மிகவும் நச்சாகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. குஞ்சுத் தொட்டியில் இரண்டு நாளுக்கு ஒருமுறை நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவது இதனால்தான். வாடைக்காலத்தில் அடைமழை பெய்து வெளித் தொட்டி நிரம்பினால் தண்ணீரின் வன்மை திடீரெனக் குறையும். அவ்வேளையில் மொலிகள் இடம்பெயராமல் நின்ற இடத்திலேயே உடலை நெளித்து ஆடினால், கிணற்று நீர் சேர்த்து ஈடுசெய்ய வேண்டும்.

வலைப்பெட்டி தன் மதிப்பைக் காட்டுவது குஞ்சுகள் பிறந்த பிறகுதான். தனித் தொட்டிக்கு இடமில்லாத வீட்டில், பெரிய தொட்டிக்குள்ளேயே அதைத் தொங்கவிட்டு, நிலைத்த தண்ணீரின் நன்மையைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கலாம். இரண்டு மூன்று வாரங்களில் அவை பெரிய மீன்களின் வாய்க்கு அடங்காத அளவை எட்டிவிடும். வலையில் பச்சைப் பாசி படிந்து அடைக்கும்போது பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும்.

குஞ்சுகளின் தீனியில், உப்புநீரில் வாழும் நுண்ணிறாலான ஆட்டீமியாவுக்கு நிகரானதை நான் காணவில்லை. கடலோரத்தில் வாழ்வதன் பயன் இங்கே கிடைக்கிறது. வெயிற்காலத்தில் கரையிலிருந்து எடுத்துத் துணியில் வடிகட்டிய கடல்நீரே அதன் முட்டைகளைப் பொரிக்கப் போதுமானது. மழைக்காலத்தில் கடல்நீர் கலங்கிவிடும்போது, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 25 கிராம் அளவில் உப்பளத்துக் கல்லுப்பைக் கரைத்துக்கொள்ளலாம். அடியை வெட்டிக் கவிழ்த்த சோடாப் போத்தலில் இட்டு, குமிழி விட்டு, விளக்கின் கீழ் வைத்தால், எமது வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாளில் பொரித்துவிடும். குமிழியை நிறுத்தினால் கோதுகள் மேலே மிதக்கும். செம்மஞ்சள் நிறக் குஞ்சிறால்கள் அடியில் திரளும். அவற்றைத் துணியில் வடித்து, நன்னீரில் அலசிக் கொடுக்க வேண்டும். முட்டை ரின்னின் விலை அதிகம்; ஈரம் படாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நெடுநாள் வரும். அதற்கு வசதியில்லாதவர் வழக்கமான தீனியையே விரல்களுக்கிடையே மாவாக நசுக்கி, நாளுக்கு நான்கு முறை சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். குஞ்சுகள் பிறந்த அன்றே நீந்தி உண்ணும் வளர்ச்சியுடன் வருகின்றன. அவித்த முட்டையின் மஞ்சட்கருவைக் கரைத்து ஊற்றும் வழக்கத்தை மட்டும் தவிர்ப்பது நல்லது. அது குஞ்சின் வயிற்றில் சேர்வதைவிடத் தண்ணீரைக் கெடுப்பதே அதிகம்.

நான்காம் வாரமளவில் ஆண் குஞ்சுகளின் அடித்துடுப்பு குறுகிக் கூராகத் தொடங்கும். அப்போதே பிரித்துவிடாவிட்டால், உடன்பிறந்த பெண்கள் முழு வளர்ச்சி அடையுமுன்பே கருவுற்றுவிடும்; அவற்றின் உடல் சிறுத்துப்போகும், அடுத்தடுத்த தலைமுறைகளில் கூன் விழுந்த குஞ்சுகளும் தலைகாட்டும். வேறிடத்திலிருந்து ஓர் ஆணை அவ்வப்போது கொண்டுவந்து, சில வாரம் தனியே வைத்துக் கவனித்து, பின்பு சேர்ப்பது இதற்கான தீர்வு. அவ்வாறு வந்த மீனின் மலவாயிலிருந்து சிவப்பு நூல் போன்ற புழுக்கள் தொங்கினால், அதைத் தொட்டியில் சேர்க்கவே கூடாது.

மிகுதிக் குஞ்சுகளைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடுவது நம் நாட்டுச் சிறு மீன்களுக்குக் கேடு; கப்பியின் தாயகம் வெனிசுவேலா, திரினிடாட் பக்கம். நிறம் தெளிந்த ஆண் மீன்களை வளர்ப்பு மீன் கடைகளில் வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தீனி தருகிறார்கள். நிறமில்லாதவற்றை அயலவர்கள் தங்கள் சீமெந்துத் தொட்டிகளில் நுளம்புக்காக விடக் கேட்டு வாங்குகிறார்கள். அதிலும் மிஞ்சும் மாதங்களில் பாசியைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன். எத்தனை பிழைக்க வேண்டும் என்பதைத் தாயே பார்த்துக்கொள்கிறது.