தைப்பூச வாடகை வாக்கிடாக்கி: ‘ரோஜர்’ பீப்பை முதலில் அணையுங்கள்

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் தொண்டூழியர்கள் வாடகைக்கு எடுக்கும் இந்த வாக்கிடாக்கி கைக்கு அடக்கம், குரலும் தெளிவு. குறை என்றால், பொத்தானை விட்டதும் ஒலிக்கும் ‘ரோஜர் பீப்’. அது முடியும்வரை லைன் விடுபடாது. அவசரப் பதில் அடிபட்டுப் போகும். மெனுவில் ‘ரோஜர்’ என்பதை ஆஃப் செய்யுங்கள். அழுத்தி ஒரு வினாடி கழித்தே பேசுங்கள், இல்லையேல் முதல் சொல் விழுந்துவிடும்.

கூடவே தரும் அட்டையில் ‘ரோஜர் என்றால் ஆமாம்’ என்றிருப்பது தவறு. மோர்ஸ் தந்திக் குறியீட்டில் ‘கிடைத்தது’ (received) என்பதற்கு ‘ஆர்’ (R) என்ற ஆங்கில எழுத்து. வானொலியில் எழுத்துகளைக் குழப்பமின்றிச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்த இரண்டாம் உலகப் போர்க்காலப் பட்டியலில் ‘ஆர்’ எழுத்தின் பெயர் ரோஜர். 1956இல் அந்த இடத்துக்கு ரோமியோ வந்தும் பழைய சொல் நிலைத்துவிட்டது. “தண்ணீர்ப் பந்தலுக்கு இரண்டு பேரை அனுப்புங்கண்ணே” என்பதற்கு ‘ரோஜர்’ வந்தால், காதில் விழுந்தது, அவ்வளவுதான். அனுப்புகிறேன் என்று சொல்ல ‘வில்கோ’ வேண்டும்.