பிறந்தநாள் வாத்துகள்: பாரிசுக்குப் பூ அனுப்பிய ஆறு வருட அனுபவம்

பக்கத்து வீட்டு அக்காவின் மகள் கல்யாணமாகி லியோனுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. பிறந்தநாளுக்குப் பூ அனுப்ப வேண்டுமாம். "நீதான் வருஷா வருஷம் பிரான்சுக்கு அனுப்புறியே தம்பி, நம்பி அனுப்பலாமா?" என்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார். படியில் நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் அத்தை பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறார். மாமா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் இப்படி ஓர் அத்தையோ சித்தப்பாவோ இல்லாத தெரு குறைவு. அத்தைக்குப் பிறந்தநாள் நவம்பர் 1. இங்கே அன்றைக்கு விடுதலை நாள் விடுமுறை, அங்கே சகல புனிதர் திருநாள் விடுமுறை. இந்தத் தேதி என்னை எப்படிப் பாடாய்ப் படுத்தியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பூ இங்கிருந்து விமானம் ஏறுவதில்லை என்பது தெரிந்ததுதான். நாம் இணையத்தில் பணம் கட்டுகிறோம். நடுவில் இருக்கும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு, அத்தை வீட்டுக்குப் பக்கத்துப் பூக்கடையிடம் வேலையை ஒப்படைக்கிறது. 1910-ல் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் சேர்ந்து, வெளியூர் ஆர்டர்களைத் தந்தியில் பரிமாறிக்கொள்ள ஒரு சங்கம் வைத்தார்கள். அந்த ஏற்பாட்டின் பேரப்பிள்ளைதான் இது. தந்தி போய்விட்டது, பங்கு பிரிப்பது போகவில்லை. அதனால் படத்தில் குடம் மாதிரி இருக்கும் பொக்கே அத்தை வீட்டுக்குப் போகும்போது சொம்பாகியிருக்கும். பெரிய மார்க்கெட்டில் முழம் குறைந்தால் பூக்கார அம்மாவிடம் நேருக்கு நேர் சண்டை போடலாம். இங்கே யாரோடு போடுவது? ஒரு தடவை லில்லிக்குப் பதிலாக அல்ஸ்ட்ரோமீரியா என்று ஏதோ வைத்து அனுப்பினார்கள். அது இரண்டு வாரம் வாடாமல் நின்றதில் அத்தைக்கு ஏக சந்தோஷம். அதையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

எனக்குப் பொறுக்காதது அந்த வாழ்த்து அட்டை.

முதல் வருடம் தமிழிலேயே தட்டினேன். திரையில் அழகாகத்தான் தெரிந்தது. மறுநாள் அத்தை போன் செய்தார். "ஏண்டா, பூவைக் கொடுத்து அனுப்பிட்டு இத்தனை கேள்வி கேட்டிருக்கே?" அட்டை முழுக்கக் கேள்விக்குறி. கடைசியில் நான் போட்ட ஆச்சரியக்குறி மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். பூக்கள் புத்தம் புதிதாக இருந்தனவா என்று கேட்டுப் பதில் வந்தது.

இரண்டாம் வருடம் ஆங்கில எழுத்தில் தமிழ். வாழ்த்துகளில் வரும் ழகரத்துக்கு இசட், எச் போட்டிருந்தேன். அங்கே அட்டை எழுதிய மகராசன் அதைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு எழுத்தையும் தூக்கிவிட்டார். அத்தைக்கு 'இனிய பிறந்தநாள் வாத்துகள்' போய்ச் சேர்ந்தன. அன்றிலிருந்து நவம்பர் வந்தால் மாமா, "இந்த வருஷம் வாத்து எப்ப வருது?" என்றுதான் கேட்கிறார்.

மூன்றாம் வருடம் பிரெஞ்சில் எழுதினேன். ஒரு பிழை இல்லை. "எல்லாம் சரிடா, பேங்க்ல இருந்து வந்த கடுதாசி மாதிரி இருக்கு" என்றார் அத்தை.

நான்காம் வருடத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. அக்டோபர் கடைசியில் அந்தத் தளத்தில் பெரிய பெரிய மஞ்சள் சாமந்தித் தொட்டிகள் மலிவாக வந்திருந்தன. ஆயுதபூஜைக்குச் சாமந்தி வாங்கி வளர்ந்த கை, யோசிக்காமல் ஒன்றைத் தட்டிவிட்டது. பிரான்சில் அது கல்லறைப் பூ. நவம்பர் 1 அன்று ஊரே சாமந்தித் தொட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். முதல் உலகப் போருக்குப் பிறகு வீரர்களின் கல்லறையில் வைத்து வேரூன்றிய வழக்கம் என்கிறார்கள். கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்தைத் தினமும் தாண்டிப் போகிற எனக்கு இது தெரியவில்லை. கொண்டுபோன பையன் வாசலில் நின்று, முகவரி தப்போ, எந்தக் கல்லறைக்கு என்று கேட்டானாம். இவ்வளவு கட்டணம் வாங்குகிறவர்கள், பிறந்தநாள் என்று அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, அத்தையிடம் நானும் கேட்டிருக்கலாம்.

ஐந்தாம் வருடம்தான் புத்தி வந்தது. பழைய பொக்கே சுற்றி வந்த தாளில் அந்தப் பக்கத்துக் கடையின் முத்திரை இருந்தது. அத்தையிடம் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, நேராகக் கடைக்கே போன் போட்டேன். முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். மூன்றரை மணி வித்தியாசம் நாலரை ஆகிவிடும். ஒன்றரை மணிக்கு மேல் கூப்பிட்டால்தான் அங்கே காலை ஒன்பது.

எடுத்த அம்மா என் ஓட்டைப் பிரெஞ்சைப் பொறுத்துக்கொண்டு எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, வீட்டில் ஜாடி இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். அட்டை விஷயத்தைச் சொன்னேன். கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பு, அப்படியே அச்செடுத்து ஒட்டிவிடுகிறேன் என்றார். நாலு வருடமாக ஒரு பெரிய நிறுவனத்துக்குத் தோன்றாதது! தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் இரண்டு வரி எழுதி அனுப்பினேன். பாதி விரிந்த ரோஜாவாகப் பொறுக்கி வைத்து, காம்பைச் சாய்வாக நறுக்க வேண்டும், தினம் தண்ணீர் மாற்ற வேண்டும், பழுக்கிற வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பூ சீக்கிரம் போய்விடும் என்று அத்தைக்குப் பாடமும் நடத்தியிருக்கிறார். வாழைப்பழத் தட்டை அத்தை அடுப்படிக்கு மாற்றிவிட்டார். அன்றைக்கு முதல் முறையாக அட்டையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அரை மணி நேரம் பூவைப் பற்றித்தான் பேசினார். மாமாவுக்குத்தான் வாத்து வராத ஏமாற்றம்.

போன வாரம் ஆறாவது தடவை. அதே கடை, அதே அம்மா. நடுவில் பங்கு பிரிக்க ஆள் இல்லாததால் சொம்பு மறுபடி குடமாகிவிட்டது. பூவையும் கடையையும் நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் அக்கா மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான். முந்தாநாள் கேட்டிருந்தால் நாலரை சொல்லியிருப்பேன். நேற்று கார்டு கணக்கு வந்தது. ஆறாயிரம் ரூபாய்ப் பூவுக்கு, அந்நியச் செலாவணிக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி என்று தனியாக 240 சொச்சம் பிடித்திருக்கிறார்கள்.